முழு செஷன் டேப்பா, வெட்டி ஒட்டிய ஆல்பமா?

மௌனவழி:
ஒரு வாரமாக ஒரே விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ ஆல்பத்தைப் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டு வருகிறேன். இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு மெதுவான மெட்டு வருமே, மெக்லாக்லினின் கிட்டார் தயங்கித் தயங்கி எடுக்கும், அப்புறம் வேய்ன் ஷார்ட்டரின் சொப்ரானோ சாக்ஸ், அப்புறம் டிரம்பெட்டும் கூடவே சேர்ந்துகொள்ளும். நாலு நிமிடம்தான். பிறகு ‘இட்ஸ் அபவுட் தட் டைம்’ பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடி, ட்ரம்ஸில் டோனி வில்லியம்ஸ் அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டு, எல்லாம் அடங்கியதும் அந்தப் பழைய மெட்டு திரும்ப வரும். அந்தத் திரும்பல்தான் எனக்கு ஆல்பத்தின் உயிர். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை இன்னும் களைத்து, இன்னும் கனிந்து வாசிக்கிறார்கள் என்று எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன்! மெக்லாக்லினின் முதல் சுரம் கடைசியில் கொஞ்சம் தளர்ந்து விழுகிறது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம்தான் தெரிந்தது, இரண்டும் ஒரே டேப். பிரதி எடுத்துக் கடைசியில் ஒட்டியிருக்கிறார்கள். அவர்கள் திரும்ப வாசிக்கவே இல்லை.

சரி, என்னதான் நடந்தது என்று பார்க்க 2001இல் வந்த மூன்று சிடி முழு செஷன் (ஸ்டுடியோவில் வாசித்துப் பதிந்த அமர்வு) தொகுப்பை உட்கார்ந்து கேட்டேன். அதில் அந்த மெட்டின் ஒத்திகை இருக்கிறது. கேட்டதும் இன்னும் குழப்பம். மெட்டை எழுதிய ஸாவினுல் வைத்தபடியே கோர்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள்) நிறைய, கீழே ஏதோ பிரேசில் நடனத்துக்கு அடிப்பது போல ஒரு துள்ளல் தாளம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் பன்னிரண்டு வருடமாகக் காதலித்தது இதை இல்லை. ஆக, நான் காதலித்தது யாரை? வாசித்தவர்களையா, வெட்டியவரையா? முழு செஷன்களைக் கேட்பது நல்லதா கெட்டதா என்று உங்கள் அபிப்பிராயம் வேண்டும். ஆறுதல் வேண்டாம்.

டேப்வெட்டி:
ஆறுதல் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்தத் தளர்ந்த சுரத்தை நானும் கேட்டிருக்கிறேன். நடுவில் ஒரு புயல் அடித்து ஓய்ந்த பிறகு அதே சுரம் காதில் வேறு மாதிரி விழுகிறது, அவ்வளவுதான். ஆல்பத்தின் தயாரிப்பாளர் டியோ மாசெரோ கணக்குப் போட்டு வைத்ததும் அதைத்தான்.

முதல் பக்கத்தையும் பாருங்கள். ‘ஷ்ஷ்/பீஸ்ஃபுல்’லின் கடைசிப் பகுதியும் தொடக்கத்தில் வந்ததன் பிரதிதான். அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதில் நடந்திருக்கிறது. வெட்டாத டேப்பில் அந்தப் பாட்டுக்கு எழுதி வைத்த ஒரு மெட்டு உண்டு. மாசெரோ அதையே தூக்கிவிட்டார். மெட்டே இல்லாத பாட்டு! மிஞ்சியது டோனியின் ஹை-ஹாட் சிம்பல், மூன்று மின் விசைப்பலகைகள், இடையிடையே டிரம்பெட். 1969 பிப்ரவரி 18, ஒரே நாள் வேலை. ஹான்காக், கொரியா, ஸாவினுல் என்று மூன்று விசைப்பலகைக்காரர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு, அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியிருந்த மெக்லாக்லினிடம் கிட்டார் வாசிக்கத் தெரியாதவன் போல வாசி என்று மைல்ஸ் சொன்ன கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தயக்கம் அங்கிருந்து வந்தது. அது வாசித்தவரின் பங்கு. அந்தத் தயக்கத்தை எங்கே வைப்பது, எத்தனை தடவை வைப்பது என்பது மாசெரோவின் பங்கு.

மாசெரோவைச் சும்மா ஒரு கம்பெனி ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ஜூலியார்டில் படித்தவர், சாக்ஸ் வாசிப்பவர், ஐம்பதுகளின் தொடக்கத்தில் மிங்கஸுடன் வாசித்தவர், தானே இசை எழுதுபவர். டேவ் புருபெக்கின் ‘டைம் அவுட்’டுக்கும் அவர்தான் தயாரிப்பாளர். கத்தரியை வைத்துக்கொண்டு இசை எழுதினார் என்றுதான் நான் சொல்வேன். என் கட்சி வெளிப்படையானது, பெயரிலேயே இருக்கிறது.

ஸ்வரக்கிறுக்கு:
‘தளர்ந்து விழும் சுரம்’ படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் மௌனவழி, நானும் ஒரு காலத்தில் அந்த இரண்டாம் தடவையில் ஷார்ட்டரின் மூச்சு கொஞ்சம் நீளம் என்று ஒருவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

ரிஃப்தேடி:
கத்தரிக் கட்சிக்கு எதிராக ஒரு ஓட்டு. ஆல்பத்தை மட்டும் கேட்டால் சமைத்ததைச் சாப்பிடுகிறோம், செஷனைக் கேட்டால் அடுப்படியில் நிற்கிறோம். எனக்கு அடுப்படிதான் பிடிக்கும், வியர்வையோடு.

மைல்ஸின் ‘ஜாக் ஜான்சன்’ முழு செஷன்கள், ஐந்து சிடி, 2003இல் வந்தது. 1970 பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ஸ்டுடியோவில் நடந்தது. அதில் ‘வில்லி நெல்சன்’ என்று ஒரு ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) எடுத்து மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே இருப்பார்கள். முதல் டேக்கில் பேஸ் ஒரு பக்கம், ட்ரம்ஸ் ஒரு பக்கம். இரண்டு டேக் தள்ளி ட்ரம்ஸில் டிஜானெட் ஒரு அடியை இடம் மாற்றிப் போடுகிறார், அந்த ஒரு அடிக்கு மொத்தக் கூட்டமும் சாய்ந்து கொடுக்கிறது. ஸானி ஷாரக்கின் கிட்டார் பின்னால் கண்ணாடியை நொறுக்குவது போல ஏதோ செய்துகொண்டிருக்கிறது. இதெல்லாம் ஆல்பத்தில் எங்கே இருக்கிறது? ‘யெஸ்டர்நௌ’வின் பின்பாதியில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது, அத்தோடு சரி.

அப்புறம் ‘ரைட் ஆஃப்’. ஏப்ரல் 7. மைல்ஸ் கன்ட்ரோல் ரூமில் மாசெரோவுடன் பேசிக்கொண்டு நிற்கிறார், உள்ளே காத்திருந்து சலித்துப்போன மெக்லாக்லின் சும்மா ஒரு ஷஃபிளைத் (துள்ளி நடக்கும் தாளக்கட்டு) தட்டுகிறார், ட்ரம்ஸில் காபமும் பேஸில் ஹெண்டர்சனும் தொற்றிக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடம் கழித்து மெக்லாக்லின் சுருதியை ‘ஈ’யிலிருந்து (E) ‘பி ஃபிளாட்’டுக்கு இறக்குகிறார், ஹெண்டர்சன் அதைக் கவனிக்காமல் ‘ஈ’யிலேயே நிற்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாத சுருதிகள். சரியாக அந்த இடத்தில்தான் மைல்ஸ் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். வேறு யாராக இருந்தாலும் நிறுத்துங்கள், முதலிலிருந்து போகலாம் என்றிருப்பார். ஹான்காக் அன்றைக்கு வாசிக்க வரவே இல்லை. வீட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு போகிற வழியில் எட்டிப் பார்த்தவரைப் பிடித்து ஒரு ஃபார்ஃபிஸா ஆர்கன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கத்தரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

டேப்வெட்டி:
சம்பந்தம் இருக்கிறது. ‘ரைட் ஆஃப்’ நடுவில் தாளமெல்லாம் நின்று டிரம்பெட் தனியாக, ஏதோ ஒரு ரீங்காரத்தின் மேல் மிதக்கிறதே, அது அந்த அறையில் வாசித்ததே இல்லை. வேறொரு நாள் டேப்பிலிருந்து வெட்டி எடுத்து வைத்தது. அந்த மூச்சு விடும் இடம் இல்லாவிட்டால் இருபத்தாறு நிமிட ஷஃபிள் யார் காதையும் பதம் பார்த்துவிடும். நீங்கள் சொன்ன சுருதிச் சண்டைக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன், அதைக் கத்தரியால் செய்ய முடியாது.

இடதுகாது:
இரண்டு பேரும் நல்ல தொகுப்பாகப் பார்த்துப் பேசுகிறீர்கள். நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். மைல்ஸின் ‘பிட்சஸ் புரூ’ முழு செஷன்கள், 1998, நாலு சிடி. பெயரைப் பார்த்ததும் என்ன நினைப்போம்? 1969 ஆகஸ்ட் 19, 20, 21, அந்த மூன்று நாளும் வெட்டாமல் கிடைக்கும் என்றுதானே? கிடையாது. அந்த மூன்று நாளைப் பொறுத்தவரை ஆல்பத்தில் இருக்கும் அதே வெட்டிய வடிவம்தான். மிச்சமெல்லாம் நவம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை வேறு கூட்டத்தோடு எடுத்தவை. சிதாரும் தம்புராவும் நுழைந்த செஷன்கள் அவற்றில் உண்டு, எனக்குப் பிடித்தவையும் உண்டு, ஆனால் வெளியில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. 2010இல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில்தான் ‘ஸ்பானிஷ் கீ’க்கும் ‘ஜான் மெக்லாக்லின்’ என்ற பாட்டுக்கும் மாற்று டேக் கண்ணில் காட்டினார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வெட்டாத டேப் எந்த ஆல்பத்துக்காவது வேண்டும் என்றால் அது இதற்குத்தான். ‘ஃபாரோஸ் டான்ஸ்’ ஒன்றில் மட்டும் பத்தொன்பது வெட்டு என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாவது நிமிடத்தை ஒட்டி ஒரு நொடி நீளத் துண்டு மறுபடி மறுபடி வரும், ஹெட்போனில் கேளுங்கள், ஊசி மாட்டிக்கொண்ட இசைத்தட்டு மாதிரி இருக்கும். ஏதோ பழுது என்று பல வருடம் நினைத்திருந்தேன், வேண்டுமென்றே செய்தது. தலைப்புப் பாட்டை ஐந்து பகுதிகளாக யோசித்து வைத்திருந்தார்கள், அதில் உதிர்ந்த ஒரு பகுதிதான் மைல்ஸே வாசிக்காத ‘ஜான் மெக்லாக்லின்’. உதிர்ந்த மற்றவை எங்கே?

அதோடு நிற்கவில்லை. பழைய இரண்டு டிராக் மாஸ்டர் நலிந்துவிட்டது என்று எட்டு டிராக் மூலத்திலிருந்து புதிதாக மிக்ஸ் செய்து, மாசெரோவின் ஒவ்வொரு வெட்டையும் மறுபடி கட்டினார்கள். துல்லியமாகத்தான் இருக்கிறது. இரண்டு ட்ரம்ஸும் பிரிந்து கேட்கிறது, ஹார்வி புரூக்ஸின் மின் பேஸும் ஹாலண்டின் பேஸும் தனித்தனியாகத் தெரிகிறது. ஆனால் பழைய எல்பியில் ஒரு புகை மூட்டம் இருந்தது. யார் என்ன வாசிக்கிறார்கள் என்றே தெரியாமல் அடியில் பென்னி மாபினின் பேஸ் கிளாரினெட் பாம்பு போல ஊர்ந்துகொண்டிருக்கும். மூட்டத்தைத் துடைத்ததும் பாம்பு வெறும் வாத்தியமாகிவிட்டது. மாசெரோவுக்கே இந்த முழுத் தொகுப்பு வேலைகள் பிடிக்கவில்லை, குறைப்பட்டுக்கொண்டார்.

புதுஆள்:
வணக்கம். ராக் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து ஆறு மாதம் ஆகிறது. ‘பிட்சஸ் புரூ’வை மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் பத்து நிமிடத்தில் விட்டுவிட்டேன். என் காதில் கோளாறா? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? அண்ணாமார்கள் வழி சொல்லுங்கள். பெட்டித் தொகுப்பெல்லாம் இப்போது வேண்டாம்.

டேப்வெட்டி:
காதில் ஒரு கோளாறும் இல்லை தம்பி. மூன்று பேர் மின் பியானோ, இரண்டு ட்ரம்ஸ், இரண்டு பேஸ், அதற்கு மேல் தாளக் கருவிகள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், பத்து நிமிடம் தாக்குப்பிடித்ததே பெரிது. முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் ‘மைல்ஸ் ரன்ஸ் தி வூடூ டவுன்’ இருக்கிறது, அதை எடுங்கள். அதில் ட்ரம்ஸ் எவ்வளவு முயன்றும் பிடிபடாமல் போய், தாள வாத்தியக்காரர் டான் அலியாஸ் தனக்குத் தெரிந்த நியூ ஆர்லியன்ஸ் தாளம் ஒன்றை வாசித்துக் காட்ட, சரி, நீயே உட்கார் என்று ட்ரம்ஸில் உட்கார வைத்தார்கள். அந்தத் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நடங்கள், மற்றவை தானாகப் புரியும். ராக்கிலிருந்து வந்தவருக்கு ‘ஜாக் ஜான்சன்’ இன்னும் சுலபம். ரிஃப்தேடிக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும் சொல்லத்தான் வேண்டும்.

பேஸ்மட்டும்:
எல்லோரும் மைல்ஸையே சுற்றுகிறீர்கள். புதுஆள், நீங்கள் நேராக ‘ஹெட் ஹன்டர்ஸ்’ போங்கள். 1973, ஹெர்பி ஹான்காக், மொத்தம் நாலே பாட்டு. ‘கமீலியன்’ தொடங்கும்போது வரும் அந்தத் தடித்த பேஸ் வரி பேஸ் கிட்டாரே இல்லை, ஹான்காக் ஆர்ப் ஒடிஸி என்ற சிந்தசைசரில் வாசித்தது. நான் பேஸ் வாசிக்கக் கற்றுக்கொண்ட முதல் வருடம் முழுக்க அந்த ஒலி என் கைக்கு ஏன் வரவில்லை என்று கயிற்றை மாற்றி, ஆம்ப்பை மாற்றி, விரலைத் தேய்த்து மண்டை காய்ந்தேன். பால் ஜாக்சனின் உண்மையான பேஸ் மேலே, கிட்டார் மாதிரி ‘சிக்குச் சிக்கு’ என்று சுரண்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கிட்டார் என்றே நினைத்திருந்தேன். அந்த ஆல்பத்தில் கிட்டார்க்காரரே கிடையாது.

செஷன் விவாதத்துக்கு வருகிறேன். காபமின் ‘ஸ்பெக்ட்ரம்’, 1973 மே மாதம், எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் மூன்றே நாள். ‘ஸ்ட்ரேட்டஸ்’ஸில் பேஸில் லீ ஸ்க்லார் ஒரே வரியை இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டிருப்பார், கிட்டாரில் டாமி போலினும் விசைப்பலகையில் ஜான் ஹாமரும் அதன் மேல் ஏறி என்னென்னவோ செய்வார்கள். இதற்கு முழு செஷன் டேப் எதற்கு? வந்தார்கள், வாசித்தார்கள், போனார்கள். எல்லா ஃப்யூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்த) ஆல்பத்தையும் கத்தரி வேலை என்று நினைத்துவிட வேண்டாம். மைல்ஸ் நோய் என்று ஒன்று இருக்கிறது, ரசிகர்களுக்குத் தொற்றும்.

பதினெட்டுக்கு_எட்டு:
பேஸ்மட்டும் சொன்னது சரி. நான் இன்னொரு வகை சொல்கிறேன், கத்தரி படாமலே பெட்டிக்குள் போன ஆல்பம். மெக்லாக்லினின் குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் முதல் கூட்டணி 1973 ஜூனில் லண்டன் ட்ரைடென்ட் ஸ்டுடியோவில் மூன்றாவது ஸ்டுடியோ ஆல்பத்துக்காக வாசித்தது. அதற்குள் உள்ளே உரசல் முற்றிவிட்டது. எல்லாப் பாட்டும் மெக்லாக்லின் பெயரில்தானா, எங்களுக்கும் எழுத வரும் என்று மற்றவர்கள். அதனால் இதில் ஹாமரின் ‘சிஸ்டர் ஆண்ட்ரியா’, குட்மனின் ‘ஐ வொண்டர்’, ரிக் லேர்டின் ‘ஸ்டெப்பிங்ஸ் டோன்ஸ்’ எல்லாம் இடம் பிடித்தன. கடைசியில் ஆல்பமே வெளிவரவில்லை. அதற்குப் பதில் அந்த ஆகஸ்டில் சென்ட்ரல் பார்க்கில் வாசித்ததை நேரடி ஆல்பமாகப் போட்டார்கள். ஸ்டுடியோ டேப் 1999இல்தான் வெளியே வந்தது, கால் நூற்றாண்டு பரணில்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ‘டிரீம்’ ஸ்டுடியோவில் பதினோரு நிமிடம், மேடையில் இருபத்தொரு நிமிடம். மேடையில் தீ. காபமும் மெக்லாக்லினும் தனியாக மோதிக்கொள்ளும் இடத்தில் நான் இன்றும் எழுந்து நின்றுவிடுவேன். ஆனால் மெட்டு ஸ்டுடியோவில்தான் தெளிவாகத் தெரிகிறது, குட்மனின் வயலின் எங்கே கிட்டாரை விட்டுப் பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று கோடு போட்டது மாதிரி கேட்கும். அதே சமயம் ஏதோ ஒன்று முடியாமல் இருக்கிறது. கடைசிக் கை வைக்கவில்லை என்பது தெரிகிறது. ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாசித்தது போல எனக்கு ஒரு பிரமை. கதை தெரிந்து கேட்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. மௌனவழியின் தளர்ந்த சுரம் மாதிரிதான்.

சந்தடி சாக்கில் இன்னொன்று, ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’வில் கிட்டார் பத்து எண்ணிக்கையில் தொடங்கி, நடுவில் ஒரு புளூஸ் இருபது எண்ணிக்கையில் வருகிறது இல்லையா? பத்தும் இருபதும் என்பதால் ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும். ஐந்தைந்தாகப் போகும் கண்ட நடை போட்டு எண்ணிப் பழகியவர்களுக்கு அந்த புளூஸ் ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மெக்லாக்லின் பிற்பாடு சக்தி குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் என்று போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இதற்குத் தனி இழை போடுகிறேன், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்வரக்கிறுக்கு:
எல்லோரும் மாசெரோ புகழ் பாடுகிறீர்கள். ஸாவினுல் பக்கத்திலிருந்து யாராவது யோசித்தீர்களா? ஒரு மனுஷன் கோர்டு கோர்டாக இழைத்து ஒரு மெட்டு கொண்டுவருகிறார். மைல்ஸ் அத்தனை கோர்டையும் தூக்கி எறிந்துவிட்டு ஒரே ஆதார சுருதியில் வாசிக்க வைக்கிறார். பிறகு இன்னொருவர் அதைப் பிரதி எடுத்து ஆரம்பத்திலும் கடைசியிலும் வைக்கிறார். ‘பிட்சஸ் புரூ’ வந்த பிறகு எங்கோ ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டு, நன்றாக இருக்கிறதே, யாருடையது என்று ஸாவினுலே விசாரித்ததாக ஒரு கதை அவரே சொன்னது. தான் வாசித்ததே தனக்கு அடையாளம் தெரியவில்லை! இதைச் சாதனை என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். எனக்கு அதில் கொஞ்சம் திகில்தான்.

1971இல் வந்த அவருடைய சொந்த ஆல்பத்தில் அந்த மெட்டை அவர் நினைத்தபடியே, கோர்டுகளோடு வைத்திருக்கிறார். அதையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள். மௌனவழி, அந்த ஒத்திகை டேக் உங்களுக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் அது மோசம் என்பதல்ல, நீங்கள் முதலில் கேட்டது மற்றது என்பதுதான்.

மௌனவழி:
நியாயம். ஸாவினுலின் சொந்தப் பதிவை நேற்று இரவு கேட்டேன். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு மேய்ச்சல் நிலத்தைப் பார்ப்பது போல, ஒவ்வொரு கோர்டுக்கும் வெளிச்சம் மாறுகிறது. ஆனால் கேட்டு முடித்ததும் நான் கையை எங்கே கொண்டுபோனேன் தெரியுமா? பழைய ஆல்பத்துக்குத்தான். ஸாவினுலுடையதில் அடுத்து எங்கே போகப் போகிறோம் என்று வழி தெரிகிறது. மைல்ஸுடையதில் எங்கேயும் போவதில்லை. நின்ற இடத்தில் நிற்பது, அதுவும் எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கோர்டுகளைத் தூக்கியது மைல்ஸ், மாசெரோ இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டு ஸ்டுடியோவுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது.

ரிஃப்தேடி:
இந்த ஒரு வரியை நான் ஒத்துக்கொள்கிறேன், வெட்டு உள்ளேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் அதைக் காட்டியதே அந்த ஒத்திகை டேக்தான்! பெட்டித் தொகுப்பு இல்லாவிட்டால் இந்த வாதமே உங்களுக்கு இல்லை. என் பக்கம் ஒரு புள்ளி, டேப்வெட்டி குறித்துக்கொள்ளவும்.

மைல்ஸின் ‘ஆன் தி கார்னர்’ பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. 1972 ஜூனில் எடுத்து அக்டோபரில் வந்தது. வந்தபோது ஜாஸ் விமர்சகர்கள் துவைத்துத் தொங்கப்போட்டார்கள். யார் யார் வாசிக்கிறார்கள் என்று முதல் எல்பியில் பெயர்கூடப் போடவில்லை. பாதல் ராயின் தப்லா, காலின் வால்காட்டின் சிதார், கைதட்டல், வா-வா பெடல் மாட்டிய டிரம்பெட், எல்லாம் ஒரு சந்தைக்கடை நெரிசலில். ஹெண்டர்சன் மட்டும் நடுவில் தூண் மாதிரி. 2007இல் வந்த ஆறு சிடி தொகுப்பில் இடதுகாது கேட்டது கிடைக்கிறது, வெட்டாத மாஸ்டர்கள், தலைப்புப் பாட்டு உட்பட. நான் ஆசையோடு கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த ஒரு விஷயத்தில் நான் தோற்றேன். பதினைந்தாவது நிமிடத்தில் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், எதையும் தவறவிடவில்லை. ஆல்பத்தில் இதே கூட்டம் என் சட்டையைப் பிடித்து உலுக்கும்.

ஆனால் அதே தொகுப்பில் 1974ஆம் ஆண்டு வேலைகள் வருகின்றன. ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டன் அந்த மே மாதம் இறந்தார், அவருக்கு அஞ்சலியாக ஜூனில் ‘ஹி லவ்ட் ஹிம் மேட்லி’ பதிவாகிறது. முப்பத்திரண்டு நிமிடம். முதல் பத்து நிமிடத்துக்கு ட்ரம்ஸ் தாளமே பிடிக்காது, கிட்டார்கள் தூரத்தில் எங்கோ மினுக்கிக்கொண்டு, யாரோ ஒரு பெரிய காலி மண்டபத்தில் நடப்பது போல. இசையமைப்பாளர் பிரையன் ஈனோ தன் ‘ஆன் லேண்ட்’ ஆல்பத்துக்கு இதுதான் தூண்டுதல் என்று உறையிலேயே எழுதியிருக்கிறார், மாசெரோவின் ஒலி அமைப்பையும் சேர்த்துத்தான். அதுவும் பல டேக்குகளின் ஒட்டுதான் என்று தெரியும். தெரிந்து கேட்டாலும் ஒட்டு எங்கே என்று என்னால் விரல் வைக்க முடியவில்லை. இந்தப் பாட்டு வந்த ‘கெட் அப் வித் இட்’ ஆல்பத்திலேயே ‘ரேட்டட் எக்ஸ்’ நேர் எதிர். மொத்தக் கூட்டமும் திடீரென்று அறுந்து, மைல்ஸின் ஆர்கன் மட்டும் ஊளையிடும், உடனே திரும்ப எல்லோரும். வெட்டை மறைக்கிற எண்ணமே இல்லை, கத்தியைத் தூக்கிக் காட்டுகிறார்.

இடதுகாது:
‘கோ அஹெட் ஜான்’ கேட்டிருக்கிறீர்களா, ‘பிக் ஃபன்’னில் வருவது? அதில் டிஜானெட்டின் ட்ரம்ஸை ஏதோ மின்கருவி வைத்து இடதுக்கும் வலதுக்கும் பந்தாடியிருக்கிறார்கள். இருபத்தெட்டு நிமிடம். ஹெட்போனில் கேட்டால் கன்னத்தில் மாறி மாறி அறைவது போல இருக்கும். என் பெயர்க் காரணம் அதுதான். ‘ஜாக் ஜான்சன்’ தொகுப்பில் அதே ட்ரம்ஸ் ஒழுங்காக ஒரு இடத்தில் நிற்கிறது, அப்போதுதான் அந்த மனுஷன் எவ்வளவு நுணுக்கமாக வாசித்தார் என்று தெரிந்தது. கத்தரிக் கட்சி இதற்கு என்ன சொல்கிறது?

டேப்வெட்டி:
கத்தரிக் கட்சி மன்னிப்புக் கேட்கிறது. அது கத்தரி இல்லை, புது பொம்மை கிடைத்த குழந்தை. ஆனால் அதே பாட்டின் நடுவில் மைல்ஸின் டிரம்பெட்டை அவருடைய இன்னொரு டிரம்பெட்டின் மேல் அடுக்கி, அவரே அவரோடு பேசுவது போலச் செய்த இடம் இருக்கிறதே, அதற்காக மன்னித்துவிடலாம்.

புதுஆள்:
அண்ணா, ‘வூடூ டவுன்’ வேலை செய்தது! அலியாஸின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு முழுசாகப் பதினாலு நிமிடம் நடந்துவிட்டேன். அடுத்து ‘ஜாக் ஜான்சன்’ போட்டேன். ரிஃப்தேடி சொன்ன அந்தச் சுருதி உரசல் இடத்தை எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் தவறவிட்டிருப்பேன். டிரம்பெட் உள்ளே வரும்போது ஹெண்டர்சனைக் காப்பாற்ற வந்த மாதிரி இருந்தது. சுருதி மாறியது ஒருவர் தவறு என்று தெரியாமல் கேட்டிருந்தால், எப்படித் திட்டமிட்டு எழுதியிருக்கிறார்கள் என்று அசந்திருப்பேன். ஒரு சந்தேகம்: ‘யெஸ்டர்நௌ’ பாதி வழியில் திடீரென்று வேறு பாட்டு மாதிரி ஆகிறதே, யாரோ ‘டிஸ்டிஸ்டிஸ்’ என்று சிம்பலை விடாமல் தட்டுகிறார்கள். என் கோப்பில் கோளாறா?

மௌனவழி:
புதுஆள், உங்களால் இன்று என் தூக்கம் போனது. கோப்பில் கோளாறு இல்லை. உடனே எடுத்துக் கேட்டேன், பன்னிரண்டரை நிமிடத்தை ஒட்டி. அந்த ‘டிஸ்டிஸ்டிஸ்’ டோனி வில்லியம்ஸின் ஹை-ஹாட்! ‘ஷ்ஷ்/பீஸ்ஃபுல்’ டேப்பை அப்படியே எடுத்து ‘ஜாக் ஜான்சன்’ நடுவில் ஒட்டியிருக்கிறார் மாசெரோ. காபமும் ஹெண்டர்சனும் வாசித்துக்கொண்டிருந்த அறைக்குள் ஒரு வருடத்துக்கு முந்தைய அறை புகுந்து வருகிறது. என்னிடம் இரண்டு ஆல்பமும் எத்தனையோ வருடமாக இருக்கிறது, இரண்டையும் நூறு தடவை கேட்டிருப்பேன், ஒரு தடவைகூட உறைக்கவில்லை. ஆறு மாதம் முன்பு வந்த தம்பிக்கு உறைத்துவிட்டது.

இப்போது நான் நிறுத்துகடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் வெட்டுத் தேடுகிறேன், பாட்டைக் கேட்பதே இல்லை. ‘இட்ஸ் அபவுட் தட் டைம்’மில் சந்தேகப்படும்படி மூன்று இடம் குறித்து வைத்திருக்கிறேன். முதல் இடத்தில் தெளிவாக ஒரு ‘டிக்’ கேட்கிறது. டேப்வெட்டி, உங்களிடம் எல்பி இருந்தால் ஐந்தாவது நிமிடத்தை ஒட்டிக் கேட்டுச் சொல்லுங்களேன்.

டேப்வெட்டி:
கேட்டேன். எல்பியிலும் இல்லை, என்னிடம் இருக்கும் சிடியிலும் இல்லை. உங்கள் சிடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

மௌனவழி:
பார்த்தேன். கீறல்.